உன் குரலில் ஒரு பிழைச் செய்தி

இன்று காலை பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. ஒரு கல்யாணப் பத்திரிகையை பிரிண்டுக்கு அனுப்பிவிட்டு, அவசரத்தில் நான் இன்னும் எங்கெங்கோ கிளிக் செய்துவிட்டேன். திரை வெளுத்தது. மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்து உட்கார்ந்துகொண்டது. பத்திரிகைக்காகப் பின்னால் நாற்காலியில் காத்திருந்த குண்டலுபேட்டைக்காரர் எட்டிப் பார்த்து, "ஹேங் ஆய்த்து மேடம், ஆஃப் மாடி ஆன் மாடி," என்று அணைத்துப் போடச் சொன்னார். நான் மவுஸை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். நீ சொன்னது அப்படியே காதில் விழுந்தது. "அது சாகலைடி, வேலையா இருக்குது. கையை எடு."

சற்று நேரத்தில் திரைக்கு நிறம் திரும்பியது. பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. அந்த மனிதர் என்னைப் பெரிய எஞ்சினியர் என்று நினைத்திருப்பார். நான் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். அழுதேன் என்று உன்னிடம் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

நீயும் அதே நாற்காலியில்தான் முதன்முதலில் வந்து உட்கார்ந்தாய், உன் கல்யாணப் பத்திரிகைக்காக. மாப்பிள்ளை ஸ்ரீரங்கப்பட்டணம், நீ கொள்ளேகால். அதனால் ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் தமிழ். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் மெயிலில் திருத்தம் அனுப்பாமல் நேரில் வந்து என் தோளுக்குப் பின்னால் உட்கார்கிறாளே என்று எனக்கு எரிச்சல். கிளம்பும்போது, "நீ கோவிச்சுக்கிட்டே டைப் பண்றதப் பாக்க நல்லா இருக்குதுடி," என்றாய். முதல் நாளே 'டி'. வேறு யாராவது சொல்லியிருந்தால் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையே மாற்றி அடித்திருப்பேன். உன்னிடம் சிரிப்புதான் வந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் நம்முடையவை ஆயின.

பல வருஷம் கழித்து உன் நாக்கு தடுமாற ஆரம்பித்தது. பல் டாக்டரிடம் போனாய், தொண்டை டாக்டரிடம் போனாய். கடைசியில் பெங்களூரில் சொன்னார்கள்: நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய். முதலில் பேச்சு போகும், பிறகு கை, பிறகு மற்றதெல்லாம். நிறுத்த மருந்து இல்லை. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கும்போது இதை என்னிடம் சொன்னாய். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ அதற்குள் திட்டமே போட்டு வைத்திருந்தாய்.

"குரல் போறதுக்குள்ள ரெக்கார்ட் பண்ணிடலாம். ஒரு ப்ரோக்ராம் எழுதிடறேன். பட்டனை அமுத்துனா நானே பேசுவேன்."

"அதுக்கெல்லாம் ஃபோன்லயே ஆப் இருக்குதாமே," என்றேன்.

"அதுல பேசறது எவளோ ஒருத்தி. எங்கம்மா எதுக்கு அவகூடப் பேசணும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிரஸ்ஸில் எல்லா மிஷின்களையும் அணைத்துவிட்டு உன்னைப் பேச வைத்தோம். அம்மாவுக்கு எல்லாம் தமிழில். "அம்மா, வெக்கையா இருக்குது, ஃபேன் போடு." "அம்மா, திருப்பிப் படுக்க வையி." வீட்டுக்காரருக்கு எல்லாம் கன்னடத்தில். "ரீ, சொல்ப இல்லி பன்னி," என்று அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாய். "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரித்தாய். படுக்கையில் கிடக்கப்போகிறவளுக்கு அவர் சாப்பிட்டாரா என்று கேட்க ஒரு பட்டனா என்று கேட்டேன். முறைத்தாய்.

"எனக்கு?" என்றேன்.

"உனக்கு எதுக்குடி பட்டன்? என் மூஞ்சியப் பாத்தே நீ சொல்லிடுவ."

எல்லாம் முடிந்த பிறகு மைக்கை மறுபடியும் வாங்கினாய். "இன்னொண்ணு பாக்கி. ஒரு ஃபைல் காணாமப் போச்சுன்னா ப்ரோக்ராம் பொசுக்குனு நின்னுடக் கூடாது. என்ன ஆச்சுன்னு மனுசங்க சொல்றாப்புல சொல்லணும்." பிறகு மைக்கில், என்னையே பார்த்துக்கொண்டு: "அடியே, ஃபைல் கிடைக்கலை. எங்க வெச்சேன்னு ஒழுங்காப் பாரு."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பின் முதல் பாதியும் ஃபைலுக்குள் போய்விட்டது. வெட்டிவிடலாம் என்றேன், நீ விடவில்லை. மற்ற ஒலிகளை எல்லாம் தனி ஃபோல்டரில் வைக்கச் சொன்ன நீ, அதை மட்டும் ப்ரோக்ராமுக்குள்ளேயே பொதிந்து வைக்கச் சொன்னாய். "எல்லாம் காணாமப் போனாலும் இது காணாமப் போகக் கூடாது."

நீயே எழுதுவதாகத்தான் பேச்சு. ஆனால் டாக்டர் சொன்ன காலத்துக்கு முன்பே விரல்கள் மக்கர் செய்தன. ஒரு வரி அடிக்க நீ பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் நானே கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரிகையும் போஸ்டரும். ப்ரோக்ராம் என்றால் என்ன என்று கேட்டால் டிவியில் வருவது என்றுதான் சொல்லியிருப்பேன். நீ சொல்லச் சொல்ல நான் அடித்தேன். திரையில் பெரிய பெரிய பட்டன்கள். ஒரு மஞ்சள் கட்டம் ஒவ்வொரு பட்டனாக நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய இடத்துக்கு அது வரும்போது நீ ஸ்பேஸ் பாரை ஒரு விரலால் அழுத்தினால் போதும். உன் விரலில் அந்த அளவு தெம்பு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

முதல் தடவை ஓட்டியபோது உன் குரல் வந்தது, ஆனால் மஞ்சள் கட்டம் நின்றுவிட்டது. திரை வெளுத்தது. நான் பதறி அங்கும் இங்கும் கிளிக் செய்தேன். அப்போது உனக்குப் பேச்சு குழறியபடியாவது இருந்தது. "பித்துப் புடிச்சவளாட்ட கிளிக் பண்ணாத. அது சாகலைடி, வேலையா இருக்குது. கையை எடு." பிறகு நிறுத்தி நிறுத்திப் புரியவைத்தாய். வீட்டில் ஒரே ஆள். அவளே அடுப்பையும் பார்க்கிறாள், வாசலில் பெல் அடித்தால் அவளே போய்த் திறக்கவும் வேண்டும். தாளிக்கிற நேரத்தில் பெல் அடித்தால் வெளியே நிற்பவனுக்கு வீட்டில் யாருமே இல்லை என்றுதான் தோன்றும். "வாசல்ல நிக்கறவள அடுப்புக்கு அனுப்பாத. சமைக்க வேற ஆளை வை." ஒலியை ஓட்டும் வேலையைத் தனியாகப் பிரித்துவிட்டதும் உன் குரல் ஒருபக்கம் கேட்க, மஞ்சள் கட்டம் தன் பாட்டுக்கு நகர்ந்தது. அன்று எனக்கு வந்த கர்வத்தை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இரண்டாவது கூத்து, பிரஸ்காரி மட்டுமே செய்யக்கூடியது. வேலை முடிந்தது என்று உன் லேப்டாப்பில் போட்டுத் திறந்தால், பட்டன்களில் தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை. 'அம்மா' இருந்த இடத்தில் ஒரு அடைப்புக்குறி, கமா, ஏதோ இரண்டு இங்கிலீஷ் எழுத்து. வைரஸ் என்றே நினைத்தேன். அதற்குள் உன் பேச்சு முழுதும் போய்விட்டிருந்தது. ஒற்றை விரலால் ஃபோனில் தட்டிக் காட்டினாய்: "இது பத்திரிகை இல்லடி. யூனிகோட்ல அடி." பிரஸ் பழக்கத்தில் எல்லாவற்றையும் எங்கள் பழைய ஃபான்ட்டில் அடித்து வைத்திருந்தேன். அந்த ஃபான்ட் இருக்கிற மிஷினில்தான் அது தமிழ். இல்லாத மிஷினில் வெறும் குப்பை. உன் தோள் குலுங்கியது. சத்தமே வராமல் நீ சிரிப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது, உன்னோடு சேர்ந்து சிரித்தேன்.

பிறகு சில நாட்கள் எல்லாம் நன்றாக ஓடியது. அந்த நாட்களை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஒருமுறை நான் உன் காலடியில் உட்கார்ந்திருந்தேன். நீ பட்டனை அழுத்தினாய். "அம்மா, வெக்கையா இருக்குது, ஃபேன் போடு." அடுப்படியிலிருந்து உன் அம்மா, "இதா வந்துட்டேன் கண்ணு," என்று ஓடி வந்தார்கள். வந்தவர்கள் நேரே லேப்டாப்புக்கு முன்னால் குனிந்து, "போட்டுட்டேன் சாமி, போதுமா?" என்று அதனிடம் கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். அந்த முகத்தை என்னால் படிக்க முடிந்தது.

மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உன் வீட்டுக்காரர் பெரிய திரையுள்ள புது லேப்டாப் ஒன்றைக் கொண்டு வந்தார். நான் பென்டிரைவில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் பக்கத்தில் வைத்துத் திறந்து ஒரு பட்டனை அழுத்தினேன்.

"அடியே, ஃபைல் கிடைக்கலை. எங்க வெச்சேன்னு ஒழுங்காப் பாரு."

அடுத்த பட்டன். அதே திட்டு. கன்னடப் பக்கத்துக்குப் போனேன், அங்கேயும் அதே. ஒவ்வொரு திட்டுக்குப் பிறகும் என் பழைய சிரிப்பு வேறு. நர்ஸ் திரும்பிப் பார்த்தார். உன் அம்மா, "ஏங் கண்ணு, யாரு மேல கோவம்?" என்று உன் தலையைத் தடவினார்கள். வீட்டில் நேற்றுவரை ஓடியதுதானே என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஃபைல்கள் பென்டிரைவிலிருந்து வந்திருக்கின்றன, கண்ணெதிரே இருக்கின்றன, ஆனால் கிடைக்கவில்லை என்கிறாய்.

ஃபோனில் தட்ட முடியாமல் போனபோது பத்திரிகை அட்டையில் இங்கிலீஷ் எழுத்துகளை எழுதி வைத்திருந்தோமே, அதை எடுத்துப் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்தினேன். பி-யில் கண்ணை மூடித் திறந்தாய். ஏ. டி. நாலாவது எழுத்துக்குப் போகத் தேவையிருக்கவில்லை. பாத், ஃபைலுக்குப் போகும் வழி. உன் பழைய லேப்டாப்பில் போட்டபோது ஒவ்வொரு பட்டனுக்கும் அந்த மிஷினின் முழு முகவரியை எழுதி வைத்திருந்தேன், டி டிரைவ், என் பேரில் ஒரு ஃபோல்டர் என்று. புது லேப்டாப்பில் டி டிரைவே இல்லை. வீடு மாறிய பிறகும் பழைய வீட்டுக் கதவைப் போய்த் தட்டிக்கொண்டிருந்தது அது. 'ப்ரோக்ராம் எங்க இருக்குதோ அங்கயே தேடச் சொல்லு' என்று நீ ஆரம்பத்திலேயே சொன்னதன் அர்த்தம் அந்த ஆஸ்பத்திரி ஸ்டூலில்தான் புரிந்தது. உட்கார்ந்த இடத்திலேயே திருத்தினேன். பட்டனை அழுத்தியதும், "ஃபேன் போடு," என்றாய். உன் அம்மா அண்ணாந்து பார்த்தார்கள்.

கீபோர்டை உன் விரலுக்குக் கீழே நகர்த்தி வைத்தேன். மஞ்சள் கட்டம் கிளம்பியது. ஒரு சுற்று போய் வந்தது. உன் விரல் அப்படியே இருந்தது. கட்டத்தின் வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். விரலை நானே பிடித்து நேராக்கி வைத்தேன். ப்ரோக்ராமில் ஒரு பிழையும் இல்லை. மஞ்சள் கட்டம் ஒவ்வொரு பட்டனிலும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருந்தது. நான் என்ன செய்வேன் சொல். எனக்குத் திருத்தத் தெரிந்ததை எல்லாம் திருத்தி முடித்திருந்தேன்.

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏதோ சொல்ல வேண்டும் உனக்கு. உன் மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றாயே, அன்று என்னால் முடியவில்லை. வலியா, பயமா, வீட்டுக்குப் போக வேண்டுமா, என்னை வெளியே போகச் சொல்கிறாயா? அட்டையை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைசி எழுத்துவரை போனேன். மறுபடியும் போனேன். அட்டையைக் கீழே வைத்த பிறகு நீ கண்ணை மூடினாய். என் விரல் எந்த எழுத்தின் மேலும் இல்லை.

அதன் பிறகு நீ கண்ணைத் திறந்தாய்தான், ஆனால் யாரையும் தேடவில்லை. அந்த வாரமே போய்விட்டாய்.

உன் அம்மா கேட்டார்கள் என்று தமிழ் ஃபைல்களை எல்லாம் அவர்கள் ஃபோனில் ஏற்றிக்கொடுத்தேன். கொள்ளேகால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்போதும், "போட்டுட்டேன் கண்ணு," என்று பதில் சொல்கிறார்களாம். உன் வீட்டுக்காரர் எதுவும் வேண்டாம் என்றார். "பேடா, நன்கே ஆகல்லா," என்றார், தன்னால் தாங்க முடியாது என்று. லேப்டாப்பையும் என்னிடமே கொடுத்துவிட்டார். பிறகு ஒரு நாள் பிரஸ்ஸுக்கு வந்து, நான் வேலை முடிக்கும்வரை காத்திருந்து, ஒரே ஒரு ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பாயே, அது. அந்தப் பட்டன் எதற்கென்று கேட்டவள் நான்.

எனக்கென்று நீ எதையும் பேசி வைக்கவில்லை என்று முதலில் உன்மேல் கோபமாக இருந்தது. கொஞ்ச நாள் நிஜமாகவே திட்டினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து, எல்லாப் பட்டன்களுக்கும் கீழே புதிதாக ஒன்று வைத்தேன். அதில் எழுத்து இல்லை. அதற்கு ஒரு ஃபைலும் இல்லை. அதை அழுத்தினால், இல்லாத ஒன்றை ப்ரோக்ராம் தேடிப் போகும். உன்னைக் கேட்டால் இது தப்பு, இப்படி விட்டுவைக்கக் கூடாது என்பாய். சரிசெய்யவும் எனக்குத் தெரியும், ஒரு வரி போதும். செய்ய மாட்டேன்.

இன்று பிரஸ்ஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் அழுத்தினேன்.

"அடியே, ஃபைல் கிடைக்கலை. எங்க வெச்சேன்னு ஒழுங்காப் பாரு."

என் பழைய சிரிப்பு பாதியில் நின்றது. பார்த்துவிட்டேன்டி. எங்கேயும் இல்லை.