வைக்கோலில் வளரும் பெட்டி

பிப்ரவரி 6, 2024

கீழ்வேளூரைச் சுற்றி அறுவடை முடிந்துகொண்டிருக்கிறது. வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் மெஷின் காலையிலேயே வயலில் இறங்கிவிட்டது. கேரளத்துக்குப் போகிற லாரி ரோட்டோரம் காத்து நிற்கிறது. மாட்டுத் தீவனத்துக்கென்று அவர்கள் மொத்தமாக ஏற்றிப் போவதற்குள் எனக்கு வேண்டியதை நான் ஒதுக்கியாக வேண்டும். வைக்கோல் தரகர் சிரித்தார்.

"ஒரு மாடுகூட இல்லாத வூட்டுக்கு வைக்கோல் எதுக்கு பாயம்மா?"

பெட்டி செய்ய என்றேன். அவர் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருக்கிறது? வைக்கோலை நறுக்கி, வேகவைத்து, ஆறியதும் காளான் விதையைக் கலந்து அச்சில் அடைக்க வேண்டும். சில நாளில் வெள்ளை இழை ஓடி வைக்கோலை இறுக்கிக் கட்டிவிடும். காயவைத்தால் தெர்மாக்கோல் போல லேசாக இருக்கும். தூக்கி எறிந்தால் மண்ணோடு மண்ணாகும்.

சிப்பிக் காளான் விற்றுக்கொண்டிருந்தபோது, காளான் எடுத்து முடித்த வைக்கோல் மூட்டை ஒன்று கொல்லையில் வெயிலில் கிடந்தது. ஓரமாகத் தள்ளலாமென்று காலால் உதைத்தேன். கால்தான் வலித்தது. அன்றிலிருந்து இதே நினைப்பு.

பிப்ரவரி 21

பச்சைப் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒரு அச்சுகூடத் தப்பவில்லை. நானும் அம்சமும் குழி வெட்டிப் புதைத்தோம். நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்த அம்சம் இப்போது என்னோடு கொட்டகையில் வேலை செய்கிறாள். "போட்ட வெதையெல்லாம் மொளைச்சிருந்தா நாம ஏன்க்கா இங்க நிக்கிறோம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 12

வெள்ளை! எல்லா அச்சிலும் வெள்ளை.

மார்ச் 28

கும்பகோணம் போய் வந்தேன். சௌந்தரநாயகி மேடம் குத்துவிளக்கு ஏற்றுமதி செய்கிறார். அவரிடம் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தெர்மாக்கோல் போட்டு அனுப்பாதீர்கள் என்கிறார்களாம். என் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு விளக்கை உள்ளே வைத்து மூடி, மேசையிலிருந்து தள்ளிவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல். எனக்கு உயிரே போய்விட்டது.

விளக்குக்கு ஒன்றுமில்லை.

"கொஞ்சமா அனுப்பிப் பாப்போம். ஆனா ஒண்ணு, சொன்ன தேதியில வரணும் ஹாஃபிஸா. கப்பல் நமக்காக நிக்காது."

பஸ்ஸில் திரும்பும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து ஷார்ஜாவில் இருக்கிற என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் டூட்டியில் இருந்தார்.

ஜூன் 15

அவர் வேலை பார்க்கிற கம்பெனியை மூடுகிறார்களாம். ஏசி மெயின்டனன்ஸ் ஆட்கள் அத்தனை பேரையும் அனுப்புகிறார்கள். "வந்துடறேன் ஹாஃபிஸா, இனிமே அங்கதான்" என்றார். சந்தோஷமாகச் சொன்னார் என்று நினைத்தேன். போனை வைத்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

ஜூலை 22

வந்து இரண்டு வாரமாகிறது. கல்யாணமானதிலிருந்து, திரும்பிப் போகிற தேதி இல்லாமல் அவர் வீட்டில் இருந்ததில்லை. எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு டீயில் எவ்வளவு சர்க்கரை என்று எனக்கும் தெரியவில்லை. காலையில் தேய்த்த சட்டை போட்டுக்கொள்கிறார். எங்கே போவதென்று தெரியாமல் வாசல்வரை போய்விட்டுத் திரும்புகிறார்.

கொட்டகையை எட்டிப் பார்த்தார். "நல்லா பொழுது போவுது உனக்கு."

பொழுதுபோக்கா இது? கேட்கவில்லை. வந்த புதிது.

ஆகஸ்ட் 30

காளான் விதை கொண்டுவருகிறவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "பாய் இருக்காரா?" என்றார். வைக்கோல் தரகரும் அதையே கேட்டார். இத்தனை நாள் என்னோடுதானே பேசினார்கள்?

அக்டோபர் 18

மழை விட்டபாடில்லை. பெட்டிகள் காயவில்லை. மேடத்துக்குச் சொன்ன தேதி நெருங்குகிறது. ஃபேன் போட்டேன், கேஸ் அடுப்பை ஏற்றி வைத்தேன். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது. வேனில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

காய்ந்ததா, காய்ந்த மாதிரியா?

அக்டோபர் 29

மேடம் போட்டோ அனுப்பியிருந்தார். பெட்டியைத் திறந்த படம். விளக்கின் கழுத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகச் சிப்பிக் காளான். கீழே ஒரு வரி: "உங்க பொட்டி பூத்திருக்கு ஹாஃபிஸா. குழம்பு வெச்சிடவா?"

வீட்டுக்காரரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குக் கோபம் பொங்கியது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். பிறகு அழுதுவிட்டேன்.

சாயங்காலம் மேடமே பேசினார். ஈரம் பட்டுப் பித்தளை கறுத்துவிட்டதாம். கப்பலேறுவதற்கு முன் ஒன்றைத் திறந்து பார்த்ததால் தப்பித்தோம். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "வெயில் இருந்தாத்தான் ஆகும்னா அந்தப் பொட்டி எனக்கு ஆகாதும்மா" என்று தணிவாகச் சொன்னார்.

நவம்பர் 8

கொட்டகை சும்மா கிடக்கிறது. அம்சத்தை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "மழையில எந்த வேலைக்குப் போவ?" என்றாள்.

நவம்பர் 11

காலையில் கொட்டகைக்குப் போனால் அவர் அங்கே உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "மேல காஞ்சிருக்கு, நடுவுல ஊறிக் கெடக்கு. இதுக்குச் சூடு மட்டும் பத்தாது. காத்துல இருக்கற ஈரத்த எடுக்கணும்."

நாகப்பட்டினம் போய்ப் பழைய விண்டோ ஏசி ஒன்றைத் தூக்கி வந்தார். சுவரில் ஓட்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, கொட்டகையில் ஒரு மூலையைத் தடுத்து அறையாக்கி, அதற்குள்ளேயே வைக்கிறாராம். முன்பக்கம் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கிக் குழாய் வழியாக வெளியே விடுமாம். பின்பக்கத்துச் சூடு உள்ளேயே தங்கிவிடுமாம். சொல்லும்போது அவர் கை காற்றில் படம் போட்டது. ஷார்ஜாவில் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

டிசம்பர் 3

எல்லாப் பெட்டியும் கோணிக்கொண்டு வெடித்துவிட்டது. "ஒரேயடியா உறிஞ்சிட்டேன்" என்று தலையில் கை வைத்தார். மெதுவாகக் காயவிட வேண்டும், முதலில் காற்று, கடைசியில்தான் சூடு என்றேன். மறுபடி ஆரம்பித்தோம்.

டிசம்பர் 21

வெளியே மழை. உள்ளே என் பெட்டிகள் அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கின்றன. ஒன்றை உடைத்து நடுவில் விரலை வைத்துப் பார்த்தேன். பொடிதான் ஒட்டியது. அம்சத்துக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.

கருவாடு விற்க வருகிற பிரகதாம்பாள் அறைக்குள் தலையை நீட்டினாள். நாகப்பட்டினத்து மீனவக் குடும்பம். மழைக்காலத்தில் மணலில் போட்ட மீனெல்லாம் புழு வைத்து வீணாகிறதாம். "இதுல கருவாடு காயுமா பாய்?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "வேணவே வேணாம், பெட்டியில நாத்தம் ஏறிடும்" என்றேன். அவர் அவள் கூடையிலிருந்து ஒரு கருவாட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

ஜனவரி 23, 2025

சென்னையிலிருந்து பேக்கேஜிங் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மேடம் மூலம் கேள்விப்பட்டார்களாம். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்கள். கேள்விகளெல்லாம் என் வீட்டுக்காரரிடம். அவரும் பதில் சொன்னார். காய்கிற அறையைப் பற்றிச் சொன்னது சரி. காளானைப் பற்றியும் சொன்னார். "எல்லா வகையும் நாங்க ட்ரை பண்ணிட்டோம் சார்." எங்கே செய்தோம்? ஒரே வகைதானே?

நான் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். யாரும் போடச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். ஏன் போனேன்?

பிப்ரவரி 4

கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். செய்முறை முழுவதையும் அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் பெரிய யூனிட் போடுவார்கள். அவருக்கு மேனேஜர் வேலை. நான் தேவைப்படும்போது ஆலோசனை சொல்லலாம்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேலை கிடைத்த பிள்ளை மாதிரி. பீரோவிலிருந்து நல்ல சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார். எந்த மனதோடு வேண்டாமென்று சொல்வது?

பிப்ரவரி 7

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கவே கூடாதோ—

இல்ல. சொன்னது சரிதான். ஆனா சொன்ன விதம்?

கம்பெனிக்கு நானே போன் பண்ணினேன். எடுத்தவர், "சார்கிட்ட பேசலாமா மேடம்?" என்றார். வந்ததே கோபம். "சார் ஏசி மெக்கானிக். பெட்டி என்னுது. குடுக்கறதா இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். திரும்பினால் பின்னால் நிற்கிறார்.

"அவ்வளவுதானா நான்? உங்கிட்ட வேலைக்கு நிக்கிற மெக்கானிக்கா?"

"அப்டி சொல்லலைங்க."

"அப்டித்தான் சொன்ன. டீக்கடையில போயி உக்காந்தா ஒவ்வொருத்தனும் கேக்கறான், எப்ப பாய் திரும்பிப் போறீங்கன்னு. என்னா சொல்லச் சொல்ற? பொண்டாட்டிக்குப் பொட்டி காயப்போடுறேன்னா?"

எனக்கும் தாங்கல. "இத்தனை வருஷமா உங்க சம்பளத்துலதானே சாப்ட்டேன்? என்னை வேலைக்காரின்னா நெனச்சீங்க? அப்ப உங்களுக்கு அது குறைச்சலாத் தெரியல. இப்ப எனக்குன்னு ஒண்ணு இருந்தா மட்டும் உங்களுக்குக் குறைச்சலாயிடுதா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். காயப்போட்ட சட்டைகளை அம்சம் மடித்துக் கொண்டுவந்து வைத்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும்.

பிப்ரவரி 12

சாப்பிடுகிறார், தொழுகைக்குப் போகிறார், வருகிறார். என்னோடு பேச்சில்லை. திருச்சி ஹாஸ்டலிலிருந்து ஷமீரா போன் பண்ணினாள். "அத்தா அழுத மாதிரி பேசறாங்கம்மா. நீங்க போயி பேசுங்க."

என் மகளுக்கு எப்படிப் புரியவைப்பது? அவருக்கு வேலை இல்லாத வலி எனக்குத் தெரியாமலில்லை. அதற்கு மருந்தாக என் பெட்டியைக் கேட்டால் நான் என்ன செய்ய? கொடுத்துவிட்டால் அவர் வலி தீரும். என்னுடையது ஆரம்பிக்கும்.

பிப்ரவரி 15

நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னிக்குச் சொன்ன வார்த்தை தப்புங்க. முடிவு தப்பில்ல" என்றேன். "அவங்க காளானைப் பத்திக் கேட்டப்ப நான் உன்னைக் கூப்பிட்டிருக்கணும்" என்றார். பிறகு, "கூப்பிடத் தோணல. யாரோ என்னை சார்ங்கறாங்கன்னு கேக்கவே நல்லா இருந்துச்சு."

இவ்வளவு நேராகப் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை.

மார்ச் 4

டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் நாகப்பட்டினம் பஸ் ஏறுகிறார். எங்கே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "பாய் மேல மீன் வாடை அடிக்குதுக்கா" என்று அம்சம்தான் கண்டுபிடித்தாள்.

மார்ச் 6

கேட்டேன். பிரகதாம்பாளும் அவள் தெருப் பெண்கள் சிலரும் சேர்ந்து கருவாட்டுக்கு ஒரு அறை போடுகிறார்களாம். கட்டிக் கொடுப்பது இவர். உப்புக்காற்றில் இரும்பு நிற்காது, வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். தட்டுகளை எப்படி அடுக்குவது என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கேட்டால் சொல்லலாம்.

ஏப்ரல் 18

மேடம் மறுபடி எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். போன தடவை அனுப்பிய விளக்குகள் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தனவாம். அம்சத்தோடு இன்னொரு பெண்ணும் வேலைக்கு வருகிறாள். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டதால் அவருக்குத்தான் வேலை மந்தம். மீன் வந்த பிறகுதான் அறையை ஓட்டிப் பார்க்க முடியும். "மழைக்கு முன்னால பாத்துடணும்" என்று அவர் சொன்னபோது எனக்கு அந்தப் பதற்றம் புரிந்தது.

ஜூன் 27

படகுகள் கடலுக்குப் போய்வர ஆரம்பித்து, இன்றுதான் முதல் தடவையாக அறையில் கருவாடு காய்ந்து வெளியே வந்தது. சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் பார்த்தேன், புரிந்தது.

"கறுத்துப் போச்சு. பாதி காஞ்சும் காயாம. பொம்பளைங்க ஒண்ணும் சொல்லல. பிரகதாம்பாதான், அடுத்த தடவ பாத்துக்கலாம் பாய்னாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல."

டீ போட்டேன். அரை ஸ்பூன் சர்க்கரை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு நானும் வரவா?"

"வேணாம். என்னன்னு நானே பாக்கறேன்."

டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார். போகிற போக்கில் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை வா. பாக்க மட்டும்."