நட் உட்காரும் குழி

கே.கே. நகர்,
உங்கள் வீட்டு வாசல்.
சனிக்கிழமை, பகல் மூன்று மணி.

அன்புள்ள மாப்பிள்ளை முகேஷ் அவர்களுக்கு,

உங்கள் மச்சான் பீமாராவ் எழுதிக்கொள்வது. நீங்களும் என் தங்கச்சி தமிழ்வாணியும் பாப்பாவும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இந்தத் தடவை அதை ஒப்புக்கு எழுதவில்லை. கடிதத்தைக் கிழிப்பதானாலும் முழுசாகப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் காரின் நான்கு டயரிலும் காற்றை இறக்கியது நான்தான். கேட் பூட்டியிருந்ததால் சுவரேறிக் குதித்தேன். காற்றடைத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதென்று வால்வு ஊசிகளையும் கழற்றி எடுத்துக்கொண்டேன். வன்மத்தில் செய்ததாக நினைக்காதீர்கள். அந்தக் காரை ஓரடிகூட நகர்த்தக் கூடாது.

இம்மானுவேல் என்று ஒரு டிரைவர். போன மாதம் கப்பலூரில் என் வீட்டுப் பட்டறையில்தான் வீல்களுக்குப் பவுடர் கோட்டிங் பூச்சுப் போட்டுக்கொண்டார். இன்று காலை விருதுநகர் போகும் வழியில் முன்சக்கரம் ஆட, ஓரங்கட்டிப் பார்த்திருக்கிறார். நான்கு நட்டில் மூன்று வெறும் கையிலேயே சுற்றுகிறதாம். போன் செய்து, ‘பிள்ளைகள ஏத்திட்டுப் போயிருந்தா என்னண்ணே ஆயிருக்கும்’ என்று கேட்டார். அப்படியே இங்கே ஓடிவந்தேன்.

வீலில் நட் உட்காரும் குழியில் பவுடர் படவே கூடாது, மாப்பிள்ளை. டேப் ஒட்டி அதை மறைத்துவிட்டுத்தான் பவுடர் அடித்து அடுப்பில் வேகவைக்க வேண்டும். குழிக்குள் பூச்சு இருந்தால் நட் உலோகத்தைப் பிடிக்காது, பூச்சைத்தான் பிடிக்கும். ஓட ஓட அது நசுங்கி நட் தளர்ந்துவிடும்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். தெரிந்துதான் செய்தேன். முதல் தடவை உங்கள் வீல்களுக்கு டேப் ஒட்டி ஒழுங்காகத்தான் போட்டேன். சொந்தக்காரர்கள் நடுவில் வைத்து நீங்கள், ‘ஓட்டையச் சுத்தி வெளுத்துக் கெடக்கே மச்சான், பழைய பீரோவுல சுட்டா இம்புட்டுத்தான் வரும்போல’ என்றீர்கள். என் அடுப்பு பழைய பீரோவில் செய்ததுதான். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வீல்களை வாங்கிப்போய், குழிக்குள்ளும் சேர்த்து அடித்து, மினுமினுவென்று கொண்டுவந்து மாட்டினேன். மாட்டிய கையோடு வாய்க்கு வந்தபடி உங்களைப் பேசினேன். இனி என் வாசலை மிதிக்காதீர்கள் என்றீர்கள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதற்கப்புறம் இன்னும் இரண்டு வண்டிகளுக்கும் அப்படியே போட்டேன். அதில் ஒன்றுதான் இம்மானுவேலுடையது. உங்கள் கார் ஊருக்குள் மட்டும் ஓடுவதால் இதுவரை தாங்கியிருக்கிறது.

உங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். தமிழ்வாணிக்கு அடித்தால் பூட்டிய வீட்டுக்குள் மணி அடிப்பது வாசலில் கேட்கிறது. எதிர்வீட்டு முத்துத்தாய் அக்காதான் விவரம் சொன்னார். ஜவுளி எடுக்க ஆட்டோவில் போயிருக்கிறீர்கள், விடியற்காலை பாப்பாவுக்குக் காது குத்தக் குலசாமி கோயிலுக்கு இந்தக் காரில் கிளம்புகிறீர்கள் என்றார். தூத்துக்குடி ரோட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல். காதுகுத்து விஷயம் எனக்குப் புதுச் செய்தி.

நீங்கள் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. இன்னொரு வண்டி உசிலம்பட்டி மலைச்சாமியுடையது. அவர் போன் அணைந்து கிடக்கிறது. சாயங்காலம் குடும்பத்தோடு தேனிக்குக் கிளம்புகிறவர். அதற்குள் அவரைப் பிடித்தாக வேண்டும். அக்காவிடம் வாயாலும் சொல்லியிருக்கிறேன், பாதிதான் வந்து சேரும் என்பதால் இதை எழுதி வைப்பரில் செருகுகிறேன்.

நீங்கள் ரோஷக்காரர். இவன் சொல்லி நான் கேட்பதா என்று வேறு ஊசி வாங்கிப் போட்டுக் கிளம்பிவிடுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம். இதே ரோஷத்தில்தான் நானும் அந்தக் குழிக்குள் பவுடர் அடித்தேன். என்மேல் உள்ள கோபத்தை என்மேலேயே காட்டுங்கள். காலையில் வாடகைக் கார் பிடித்துப் போங்கள், மாப்பிள்ளை. உங்கள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவை யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினாலும் சரி. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அவள் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் தாய்மாமன்
பீமாராவ்