ஒரு கட்டத்தில் மட்டும் டிக் செய்யவும்

அனுப்புநர்:
வயலின்காரர்,
அச்சகத்தின் மேல்மாடி, பின்பக்கப் படிக்கட்டு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கலைஞர் நல அலுவலகம், மூன்றாம் தளம்.

பொருள்: கலைஞர் அட்டை கோரியது – நான் எந்த வகை இசைக்கலைஞர் என்று தெரியாமல் நான்கு பிரிவுகளும் கைவிரித்தது – அறுவை சிகிச்சைக்குமுன் முடிவு வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரத்தை வீணாக்குவது என் நோக்கமன்று. வீணாகிக்கொண்டிருப்பது என் நேரம்.

1. முப்பத்து நான்கு ஆண்டுகளாக வயலின் வாசிக்கிறேன். காலையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் படப் பின்னணி, மாலையில் சாஸ்திரியக் கச்சேரி, அது முடிந்ததும் ஓட்டல் வரவேற்பறையில் ஜாஸ். நடுவில் நாடகம், சர்க்கஸ், பல்பொடி விளம்பரம். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். தப்பாக வாசித்தேன் என்று இதுவரை எவரும் சொன்னதில்லை.

2. இப்போது இடதுகையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துவிட்டன. முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் அந்த விரல்களை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கலைஞர்களுக்கான மருத்துவப் பிரிவில் தங்கள் அட்டை இல்லாதவரை உள்ளேயே விடுவதில்லை.

3. விண்ணப்பத்தில் இசை வகைக்கு ஆறு கட்டங்கள். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். ஆறிலும் டிக் அடித்தேன். "ஒன்னுல மட்டும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, படிக்கலையா?" என்றார் எழுத்தர். சரி என்று, புதுப் படிவத்தில் சாஸ்திரியத்தில் மட்டும் அடித்தேன். நான் சர்க்கஸில் வாசித்ததைத் தோண்டியெடுத்து, அந்தப் பிரிவினர் என்னை மெல்லிசைக்குத் தள்ளினர். மெல்லிசைப் பிரிவு அம்மையார் வாசித்துக் காட்டச் சொன்னார். மிச்சமிருந்த இரண்டு விரல்களால் வாசித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா இது சாஸ்திரியமாச்சே!" என்றார். திரையிசைப் பிரிவோ, படத்தில் என் பெயர் வந்ததா என்று கேட்டது. இருபது வயலின்களில் ஒன்றுக்கு யார் ஐயா பெயர் போடுகிறார்கள்?

4. கடைசியில் 'இதர' பிரிவில் சேர்த்தார்கள். அப்பாடா என்றிருந்தேன். நேர்காணல் கடிதம் வந்தது: சொந்தத் தொப்பியும் முயலும் கொண்டுவர வேண்டுமாம்! அது மந்திர வித்தைக்காரர்களுக்கான பிரிவாம். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "பேசாம ஒரு முயலை வாங்கிடலாங்க" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

5. தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தால், "தயவுசெய்து காத்திருக்கவும்" என்ற குரலுக்குப்பின் ஒரு வயலின் ஒலிக்கும். நேற்று நாற்பது நிமிடம் அதைக் கேட்டேன். பதினொரு ஆண்டுகளுக்குமுன் அதை வாசித்தவன் நான்தான். அன்று என்னை அழைத்த தங்கள் அலுவலகம், நான் எந்த வகை என்று கேட்கவில்லை.

ஆகவே ஐயா, தாங்களே ஒருமுறை அந்த எண்ணை அழையுங்கள். கேட்டபின் எந்தக் கட்டம் மனதில் படுகிறதோ, அதில் டிக் அடித்துக் கையெழுத்திடுங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம். அந்த மெட்டு முடியும் இடத்தில் ஒரு உச்ச ஸ்வரம் வரும், சுண்டுவிரலால் பிடித்தது. நேற்று போனை வைத்துவிட்டு அதை வாசித்துப் பார்த்தேன். வரவில்லை.

நாள்: 9, செவ்வாய்க்கிழமை
இடம்: தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்ச்

இப்படிக்கு,
(கையொப்பம்)
வயலின்காரர்

இணைப்பு: நிரப்பாத படிவம் – 1. முயல் – இல்லை.