சஹனில் கடந்த களப்பு

இன்று காலை மோஜுக் கறிக்குக் கத்தரிக்காய் பொரித்தேன். எண்ணெய் மணம் வாசல்வரை போனதும் மகன் வந்துவிட்டான். "உம்மா, வாப்பா மௌத்தான பொறகு அவங்கட கூட்டாளிமாரு வருவாங்களா? இவ்வளவையும் ஆரு தின்னுற?" நீங்கள் இல்லாத முதல் வருடம், எனக்கும் அந்தப் பயம்தான். ஆனாலும் உங்கள் படைப்பிரிவு உருவான நாளில் நம் அடுப்பு சும்மா இருந்ததில்லையே. வீம்புக்குச் சமைத்தேன்.

கொழும்பில் அன்றைக்கு அணிவகுப்பு நடக்கும். உங்களோடு யுத்தத்தில் நின்றவர்களோ அதை விட்டுவிட்டு, மாத்தறையிலும் குருநாகலிலும் பஸ் ஏறிக் கல்முனையில் வந்து இறங்குவார்கள். முதல் வருடம் நடந்தது நினைவிருக்கிறதா? நம் ஊரில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் சாப்பிடுவது அந்தச் சிங்கள ஆட்களுக்குத் தெரியாது. வைத்ததும் உங்கள் சார்ஜன்ட் அந்தப் பெரிய தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இவ்வளவும் எனக்கா?" என்று கலங்கிப்போனார். மற்றவர்கள் தங்கள் தட்டு எப்போது வரும் என்று குசினியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சிரித்த சிரிப்பில் திரைக்குப் பின்னால் எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதன் பிறகு அந்தச் சஹன்தான் உங்கள் படைப்பிரிவின் சரித்திரப் புத்தகம். நெய்ச்சோறு கரை, மோஜு நீங்கள் யுத்தத்தில் கடந்த களப்புத் தண்ணீர், கோழித் துண்டுகள் காவலரண்கள். விரலால் சோற்றை வெட்டி வெட்டி, களப்பை முதலில் கடந்தது யார் என்று சண்டை பிடிப்பீர்கள். "நான்தான்" என்பீர்கள் நீங்கள். "பொய், பொய்" என்பார்கள் அவர்கள். ஓரிடத்துக்கு வரும்போது மட்டும் எல்லோரும் விரலை எடுத்துக்கொள்வீர்கள். உங்கள் ஆட்கள் இருவர் அங்கேதான் விழுந்தார்கள். "அக்கரையில கிடந்ததும் ஆரோ பெத்த புள்ளைகள்தான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னீர்கள். பிறகு யாராவது பகிடி விடுவார், சோறு மறுபடி நகரும்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். ஐந்து பேரில் ஒருவர்கூடக் குறையவில்லை, சார்ஜன்ட் ஊன்றுகோலோடு. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. உட்கார்ந்து கதையும் தொடங்கினார்கள். ஆனால் நீங்கள் இருக்கும் பக்கத்துச் சோற்றில் ஒருவரும் கை வைக்கவில்லை. மற்றப் பக்கமெல்லாம் குறைய, அது மட்டும் மேடாக நின்றது. சண்டையும் சூடு பிடிக்கவில்லை. "நீங்க முதல்ல, நீங்க முதல்ல" என்று ஆளுக்காள் விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. விட்டுக்கொடுக்கவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தார்கள்?

இத்தனை வருடமும் திரையைத் தாண்டாதவள், அகப்பையோடு போனேன். உங்கள் பக்கத்துச் சோற்றை அள்ளி, மோஜுவைத் தாண்டி, அக்கரையில் கொட்டினேன். "முதல்ல கடந்தது இவருதான்."

சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்தார். "பொய், நங்கி!" என்று துள்ளினார், தன் சொந்தத் தங்கச்சியை அதட்டுவதுபோல. ஐந்து பேரும் சிங்களமும் தமிழுமாகக் கத்தினார்கள். நானும் விடவில்லை. கடைசி இனிப்பாக வட்டிலப்பம் வரும்வரை, உங்களோடு பிடித்த அதே சண்டையை என்னோடு பிடித்தார்கள். அடுத்த வருடம் வந்து முடிப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.

நீங்கள் உண்மையிலேயே முதலில் கடந்தீர்களா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். உங்கள் பக்கம் கதைக்க இனி நான் இருக்கிறேன்.