கண்முன் விழுங்கிய குளிசைகள்

கண்டி,
10 டிசம்பர் 1934

அன்புள்ள வடிவம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். மழைதான் விட்டபாடில்லை. மக்கீன் முதலாளி அலவத்துகொடையில் உங்களுக்குத் தந்த வீட்டில் கூரை ஒழுகினால் அவரிடமே சொல்லும். வெட்கப்பட வேண்டாம்.

உம்மோடு அனுப்பிய இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியான பாலம்மாவின் அறிக்கை கிடைத்தது. ஐந்து பெண்கள் ரமழான் நோன்பென்று சொல்லி மலேரியாவுக்கான கொயினாக் குளிசையை மறுத்தார்களாம். இவளும் திரும்பி வந்துவிட்டாளாம். நோயாளி நோன்பை விடலாம் என்று அவர்கள் மார்க்கத்திலேயே இருக்கிறது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒவ்வொரு குளிசையும் எங்கள் கண்முன் விழுங்கப்படும் என்று நிவாரணக் கமிட்டிக்கு வாக்குக் கொடுத்தவள் நான். அதை நம்பித்தான் டாக்டர் மருந்து தருகிறார். பாலம்மாவை நாளைக் காலை பஸ்ஸில் அனுப்பிவிடும். முடியவில்லை என்று எழுதுகிறவர்கள் எனக்கு வேண்டாம்.

நீர் இருக்கிறீர் என்ற தைரியத்தில்,
திரேசாக்கா

*

அலவத்துகொட,
14 டிசம்பர் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

பாலம்மா தன் ஊரான நாவலப்பிட்டிக்கே போய்விட்டாள். "உள்ளத எழுதுனதுக்கு இதுதாங்க கூலி" என்று சிரித்தபடிதான் பெட்டியைத் தூக்கினாள்.

இங்கே எல்லாம் நலம். நாற்பத்தொரு வீடுகள். எல்லாரும் எங்கள் கண்முன் விழுங்கினார்கள். ஊர்ப்பிள்ளை ஜெஸீமா வந்து சேர்ந்து நாங்கள் மறுபடி மூவரானபிறகு கதவுகள் இலேசாகத் திறக்கின்றன. "ஒங்கட அக்காட கடிதத்த எழும்பி நிண்டுதான் வாசிக்கோணும் போல" என்கிறாள். நீங்கள் அனுப்பிய ஊறுகாய் வந்தது. உப்புக் கொஞ்சம் கூட.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வடிவம்மா

*

கண்டி,
28 டிசம்பர் 1934

வடிவம்மாவுக்கு,

கமிட்டியார் உங்கள் அறிக்கைகளை வாசித்துப் புகழ்ந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் நத்தார்ப் பண்டிகைக் கேக்கோடு நேற்று அங்கே வந்தேன். நீங்கள் மூவரும் ஆற்றோரத்து வீடுகளுக்குப் போயிருந்தீர்கள். பட்டியலின் முதல் வீட்டுக்குப் போனேன்.

அந்த வீட்டுக்காரி, சித்தி றலியா என்பவர், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். தலையணைக்குக் கீழே துணி முடிச்சில் பதினொரு குளிசைகள். "நோன்பு தொறந்துட்டு முழுங்கச் சொல்லித்தான் புள்ளைகள் தந்துட்டுப் போறாங்க உம்மா. காய்ச்சல் மயக்கத்துல மறந்து போற" என்றார். அவரை என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன்.

அந்தப் பதினொரு நாளும் "கண்முன் விழுங்கினார்" என்று உமது கையெழுத்தில் இருக்கிறது. என் மூன்று பிரசவத்திலும் பிள்ளையை முதலில் ஏந்திய கை அது. என்ன நடந்தது என்று எழுதும்.

திரேசா

*

அலவத்துகொட,
29 டிசம்பர் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

மறைக்க ஒன்றுமில்லை. மார்க்கம் என்ன சொன்னாலும், நோன்பு வாயில் மருந்து போட இந்தப் பெண்களுக்கு மனம் வரவில்லை. கொடுத்துவிட்டு வருவோம், நோன்பு திறக்கும் நேரத்தில் ஜெஸீமா வீடு வீடாய்ப் போய்ப் பார்க்கட்டும் என்று மூவரும் பேசி முடிவெடுத்தோம். அந்த ஒருமணி நேரத்தில் அவளால் எல்லா வீட்டுக்கும் ஓட முடியவில்லை. சித்தி றலியா வீடு தவறியது எங்கள் பிழை. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னவளைத்தானே அக்கா பஸ் ஏற்றினீர்கள்? அவளுக்குப் பிறகு நான் ஒவ்வொரு நாளும் உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களுக்கு நான் எழுதிய முதல் கடிதத்தையே நீங்கள் எழுத்துப்பிழை திருத்தித் திருப்பி அனுப்பியவர்கள். இந்தப் பிள்ளைகளையும் அனுப்பிவிடுவீர்கள், பிறகு இந்த வீடுகளுக்கு யார் போவது என்று பயந்தேன். உங்களுக்குப் பிடித்ததை எழுதினேன்.

மன்னிப்பீர்களா?

வடிவம்மா

*

கண்டி,
2 ஜனவரி 1935

வடிவம்மாவுக்கு,

சித்தி றலியாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்றுக் கஞ்சி குடித்தார்.

திங்கட்கிழமை கமிட்டியின் முன் எழுந்து நின்று, டிசம்பர் மாத அறிக்கைகள் உண்மையல்ல என்றேன். உங்கள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அவற்றை அனுப்பியவள் நான். நோன்பு திறந்தபின் குளிசை கொடுக்கலாமா, அதற்கு இன்னும் இரண்டு பேரைத் தருவீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் சம்மதித்தார். நீர் எனக்கு எழுதிய பதினான்காம் திகதியே கேட்டிருந்தாலும் அதே ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

பாலம்மாவை அனுப்பியது என் பிழை. அதை அவளுக்கே எழுதிவிட்டேன். இனிமேல் அங்கே பொறுப்பு உம்முடையது, கமிட்டி ஒப்புக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் உம்மிடம் உள்ளதைச் சொல்கிறார்கள். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. அப்படியானால் தலைமை யாரிடம் இருக்க வேண்டுமென்று எனக்கும் விளங்குகிறது.

ஆனால் வடிவம்மா, அவர்கள் என்னைக் கண்டு பயப்படலாம். நீர் என் சமையலறைக்குள் கேட்காமல் நுழைகிறவர். இருபத்தாறு வருஷமாக, என் சேலையில் ஒரு கிழிசல் இருந்தால்கூடச் சபையில் என் காதோடு சொன்னவர் நீர் ஒருவர்தான். ஊறுகாயில் உப்புக் கூட என்று எழுதிய அதே கடிதத்தில், அதே மையால், மற்றதையும் எழுதியிருக்கிறீர். உப்பைப் பற்றிச் சொல்ல உமக்குப் பயமிருக்கவில்லை.

அறிக்கைகளை நேரே கமிட்டிக்கு அனுப்பும். எனக்கு எழுத வேண்டாம். "எல்லாம் நலம்" என்று நீர் எழுதினால் அதை எப்படி வாசிப்பதென்று எனக்கு இனித் தெரியாது.

இப்படிக்கு,
திருமதி திரேசா சவரிமுத்து