தொண்ணூற்றொன்பது குழாய்கள்

எம்.ரெட்டியபட்டி,
14.4.2022

அன்புள்ள அனுசியாவுக்கு,

நலம். ஆய்வுக்கூடத்துக்குள் போனால் நீ போனை எடுக்க மாட்டாய். ரத்தப் பெட்டி வந்தால் ஓடி வந்து திறப்பாய். அதனால்தான் கடிதத்தைப் பெட்டியோடு அனுப்புகிறேன். உன் புருஷனின் புத்தியைக் கொஞ்சம் மெச்சிக்கொள்.

கொரோனா வந்து போன நூறு பேரிடம் போன ஐப்பசியில் நீயே ரத்தம் எடுத்தாய். எதிர்ப்புச் சக்தி இன்னும் நிற்கிறதா என்று பார்க்க அதே நூறு பேரிடம் மறுபடி எடுக்க வேண்டும், ஒருவர்கூடக் குறையக் கூடாது என்று பத்துத் தடவை சொன்னாய். சொன்னவள் எந்தத் தேதியைக் குறித்தாய்? மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள்! வருஷா வருஷம் முளைப்பாரி தூக்கியவளுக்கு மறந்துபோயிற்று. சரி சரி என்று தலையாட்டிய எனக்கும் உறைக்கவில்லை.

நர்சு முத்துலட்சுமி ஐஸ் பெட்டியோடு பள்ளிக்கூடத்தில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு ஈ காக்காய் வரவில்லை. நாட்டாமை வீரணன் மட்டும் வந்து, "காப்புக் கட்டியாச்சு தாயி, ஊருக்குள்ள சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது. முளைப்பாரி கரைக்கட்டும், நாங்களே வாரோம்" என்றார். உன் ஆராய்ச்சி அதோடு போயிற்று என்று பயந்துவிட்டேன்.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். நேற்று முளைப்பாரி கரைத்தார்கள். இன்று காலையில் மஞ்சள் தண்ணீர் பட்ட சட்டையோடு வரிசையில் நின்றார்கள். முத்துலட்சுமிக்குக் கை ஓய்ந்துவிட்டது, வாய் ஓயவில்லை. ஒரே சிரிப்பு.

பெட்டியில் இருப்பது தொண்ணூற்றொன்பதுதான். கோபப்படாதே. வராதவர் உன் அப்பா. பட்டியலிலேயே எண்பதைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான், அவர் ரத்தம் இல்லாமல் முடியாது என்று கெஞ்சிப் பார்த்தேன். "எம்மக வந்து குத்தட்டும், குடுக்கேன். மத்தவுகட்ட கை நீட்ட மாட்டேன்" என்கிறார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால்தான் என்ன? ஆறு மாதமாக உன் குரலைத்தான் கேட்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமையோடு கெடு முடிகிறது என்றாய். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. ஊசியை மறக்காதே. மாமா இப்போதே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நானும்தான்.

உன்,
ஜெயபாண்டி