இடப்பக்கம் இழுத்த பிரேக்

9-9-35, திங்கள்

காலையிலிருந்து தூறல். வாடகை வண்டிகளுக்குச் சோதனை. விளக்கு சரி, ஹாரன் சரி. பிறகு சோதனை செய்யும் வெள்ளைக்காரத் துரை என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஓட்டு, பிரேக் போடு, ஸ்டீயரிங்கை விடு என்று மலாயில் சொன்னார். விட்டேன். வண்டி இடப்பக்கம் திரும்பிப் புல்லில் ஏறி நின்றது.

திட்டவில்லை. தாளில் குறுக்கே ஒரு கோடு. சரி செய்யும்வரை சவாரி கூடாது.

வரிசையில் நின்ற டிரைவர்களுக்குச் சிரிப்பு. "அண்ணே, ஒங்க காடிக்குப் புல்லு பசிக்குதுலா!"

அது போகட்டும். புல்லில் நின்றதும் வீரையா ஞாபகம்தான் வந்தது. போன மாதம் டத்தோ கெராமாட் சாலை. மாடு குறுக்கே வந்தது, பிரேக் போட்டேன். இடது ஓரமாகச் சைக்கிளில் போன சலவைக்காரர் வீரையாவை வண்டி தள்ளிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்தது. கூட்டம் கூடியதும் என் வாய் முந்திக்கொண்டது: "கள்ளு குடிச்சிட்டு வந்து விழுந்தான்."

அவர் குடிப்பவரே அல்ல. ஆனாலும் எல்லாரும் என்னைத்தான் நம்பினார்கள்.

வீட்டில் மனைவி லட்சுமியிடம், பிரேக்கில் சின்னக் கோளாறு என்று மட்டும் சொன்னேன்.

10-9-35, செவ்வாய்

வெயில். சுலைமான் அண்ணன் பட்டறை. முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். வலது பிரேக் டிரம்முக்குள் ஒரே கிரீஸ். டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் ஊறிப்போய்ப் பிடிப்பே இல்லை. பிடித்ததெல்லாம் இடது சக்கரம் மட்டும்.

"எத்தன நாளா இழுக்குது?"

"இப்பத்தான் அண்ணே."

இடது லைனிங்கை என் கையில் வைத்தார். ஆணி தெரியும்வரை தேய்ந்திருந்தது. "எங்கிட்டயா தம்பி? இது மூணு மாசத் தேய்மானம்."

மூன்று மாதமாகத் தெரியும். பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் இறுக்கிப் பிடித்துச் சமாளித்தேன். அன்று மாட்டைப் பார்த்த பதற்றத்தில் பிடிக்கத் தவறினேன். அவ்வளவுதான்.

11-9-35, புதன்

சுலைமான் அண்ணன் கிரீஸ் கசிந்த சீல் வளையத்தை மாற்றினார். டிரம்மைப் பெட்ரோலில் கழுவி, இரண்டு பக்கமும் புது லைனிங். ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, நாலும் ஒன்றுபோலப் பிடிக்கும்வரை பிரேக் கம்பியை முறுக்கினார். மத்தியானச் சோறு மறந்துபோனது.

ஓட்டிப் பார்த்தேன். பிரேக் போட்டு, கையை விட்டேன். நேராக நின்றது. சந்தோஷம் வரவில்லை. இரண்டு நாள் வேலை. இதை ஜூனிலேயே செய்திருக்கலாம்.

12-9-35, வியாழன்

சோதனையில் தேறியாயிற்று. முத்திரை குத்தித் தந்தார்கள். நேராக ஆற்றங்கரைச் சலவைத்துறைக்குப் போனேன்.

கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தது வீரையாவின் மனைவி. அவர் கரையில், கையில் கட்டோடு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்கண்ணே. அன்னிக்கு நான் ஒழுங்கா ஓரமாத்தான் வந்தேனான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. ஒங்களுக்குத்தான் தொந்தரவு."

காது கூசியது. சொன்னேன், எல்லாவற்றையும். பிரேக், மூன்று மாதம், கள்ளு. துணி அடிக்கும் சத்தம் நின்றது.

வீரையாவின் மனைவி கேட்டாள். "எங்ககிட்ட சொல்லி என்னாங்க? குடிகாரன்னு கேட்டுட்டு டாக்டர் வீட்டு அம்மா துணியே குடுக்கிறதில்ல. அங்க போய்ச் சொல்லுங்க."

டாக்டர் வீட்டு அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர்மலைக் கோயிலுக்கு என் வண்டியில்தான் போவார். கள்ளுக் கதையை அவரிடம் சொன்னதும் நானே.

13-9-35, வெள்ளி

மேகமூட்டம். அம்மா பூக்கூடையோடு வாசலில் நின்றார். கதவைத் திறந்துவிடாமல், கீழே இறங்கி நின்று சொன்னேன். ஆறு வருடமாக ஏறும் வண்டி.

"நீ சொன்னேன்னுதானே அவன நிறுத்தினேன்?"

"ஆமாம்மா."

"என்னையும் இந்த வண்டியிலதானே ஏத்திக்கிட்டுப் போன?"

அம்மா உள்ளே போனார். ஒரு வாரத்து அழுக்குத் துணி, பெரிய மூட்டை. வாசலில் வைத்தார்.

"இத வீரையா வீட்டுல குடுத்துடு. இனிமே எப்பவும் போல அவங்களே வரட்டும். கோயிலுக்கு நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

மூட்டையைப் பின் சீட்டில், அவர் உட்காரும் இடத்தில் வைத்தேன். சலவைத்துறையில் வீரையாவின் மனைவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.